ஆவாரம்பூ மஞ்சள்

எதிரே இருக்கிற சுவர் என்ன நிறம்? பார்த்துச் சொல்லுங்க.

வெள்ளையா. சரி. உங்களுக்கு முன்னாடி இந்த இடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும் அதையேதான் சொல்லுச்சு.

உட்காருங்க. பேசுறதா இருந்தால் சத்தமாப் பேசுங்க, எனக்குக் காது மந்தம். ஹேமர் ஷாப்பில் கிடந்தவன் காது. கண்ணாஸ்பத்திரிக்கு வந்து காதைப் பத்திப் பேசுறான் கிழவன்னு நினைக்காதீங்க. காது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்கிற மாதிரி இப்போ யார் என்ன பேசுறாங்க?

உங்க அம்மாவுக்கா? உள்ளே கூட்டிட்டுப் போயிருக்காங்களா? நேரமாகும். என் சம்சாரம் தெய்வானை கீழே மருந்து வாங்க வரிசையில் நிக்கிறா. அவளும் இப்போதைக்கு வர மாட்டா.

எனக்கு வலது கண்ணு போன மாசம் ஆப்பரேசன் பண்ணியாச்சு. இன்னைக்கு இடது கண்ணுக்கு நாள் குறிக்க வரச் சொன்னாங்க. நான் வந்தது அதுக்கு இல்லை. வலது கண்ணைக் கெடுத்து வச்சிருக்காங்க, அதைக் கேட்க வந்தேன். பார்வை தெரியுது. அதில் குறை இல்லை. அந்த மூலையில் எறும்பு ஏறுது பாருங்க, அதுகூடத் தெரியுது. நிறந்தான் கெட்டுப் போச்சு. என் வேட்டி, தெய்வானை தலைமுடி, தட்டில் போடுற சோறு, எல்லாம் வெளேர்னு. நீலம் போட்டு அலசின மாதிரி. இடது கண்ணால் மட்டும் பார்த்தால் எல்லாம் பழையபடி சரியா இருக்கு. அந்தச் சுவரே இந்தக் கண்ணுக்கு நல்ல சந்தன நிறம்.

நிறத்தைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் நிறத்தைப் பார்த்துச் சோறு தின்னவன்.

என்ன வேலையா? இரும்பு அடிக்கிற வேலை. அரிவாள் கடப்பாரை இல்லைங்க. ஃபோர்ஜிங். இந்தக் கோயமுத்தூரிலேயேதான். கம்பெனி பேர் எதுக்கு, விடுங்க. ஹேமர் ஃபோர்மேன் நான்.

லாரியில் போயிருப்பீங்க. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புது. நடுவில் ஒரு இரும்புக் கை இருக்கு, ஸ்டியரிங் ஆர்ம்னு பேர். அது உடைஞ்சால் டிரைவர் கையில் இருக்கிறது வெறும் வளையம். அதனால் அதை வார்ப்பில் பண்ண மாட்டாங்க. வார்ப்புன்னா உருக்கி ஊத்துறது. அடிச்ச இரும்பு வேற. கம்பிக்குள்ளே வரி ஓடும், தென்னமட்டையில் நார் ஓடுற மாதிரி. சூடாக்கி அடிச்சால் அந்த வரி அறுந்து போகாது. வளைவு இருந்தால் கூடவே வளைஞ்சு ஓடும். அதான் அதோட பலம்.

அடிக்கிறதுன்னா சும்மா அடிக்கிறது இல்லை. கம்பியைத் துண்டு போட்டு எண்ணெய் உலையில் அடுக்கணும். காய்ஞ்சதும் கொறட்டால் எடுத்துக் கீழ் டையில் வைக்கணும். டைன்னா அச்சு. கீழே ஒரு பாதி, மேலே ஹேமரில் ஒரு பாதி. மேல் பாதி ஒன்றரை டன். மிதியை மிதிச்சால் விழும். இரும்பு பிசைஞ்ச மாவு மாதிரி அச்சுக்குள்ளே பாயும். மூலை முடுக்கெல்லாம் நிரம்பி, மிச்சம் விளிம்பில் பிதுங்கி வரும். அதை நறுக்கித் தள்ளினால் உள்ளே ஸ்டியரிங் ஆர்ம். மூணு அடி, நாலு அடி. அதுக்குள்ளே முடியணும்.

எல்லாம் சூட்டில் இருக்கு. சூடு நிறத்தில் இருக்கு. முதலில் பீட்ரூட் மாதிரிச் சிவக்கும். அப்புறம் செம்பருத்தி. அப்புறம் கிச்சிலிப்பழம், அதான் ஆரஞ்சு. அப்புறம் மஞ்சள். எந்த மஞ்சள்? எலுமிச்சம்பழ மஞ்சள் இல்லை. ஆவாரம்பூ. ரோட்டோரத்தில் பூத்துக் கிடக்குமே, அந்த மஞ்சள். அது வந்ததும் எடுத்துடணும். முன்னாடி எடுத்தால் இரும்பு பாயாது, அச்சு வெடிக்கும். தாண்டவிட்டால் வெளுத்துடும். வெளுத்த இரும்பு எரிஞ்ச இரும்பு. உள்ளே இருக்கிற கட்டு விட்டுப் போகும். அப்புறம் அதை ஆற வச்சாலும் ஆகாது, திருப்பிக் காய்ச்சினாலும் ஆகாது. கருகின தோசையை மறுபடி மாவாக்க முடியுமா?

அந்த ஆவாரம்பூவைச் சொல்றவன் நான். நான் சொன்னால்தான் துண்டு உலையை விட்டு வெளியே வரும்.

சொல்றதுன்னா வாயால் இல்லை. ஹேமர் ஓடுற இடத்தில் வாய் எதுக்கு? எல்லாம் கைதான். விரலை மடக்கினால் எடு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் டையில் வை. முஷ்டின்னா முழு அடி. மிதி என் காலில், கொறடு சென்னியப்பன் கையில். கை காட்டின பிறகு அங்கே பேச்சு கிடையாது. ஏன், எதுக்குன்னு கேட்டு நின்னால் இரும்பு ஆறிப்போகும். கேட்கணும்னா டீ நேரத்தில் கேட்கணும்.

சென்னியப்பன் யாரா? தெய்வானையோட தம்பி. எனக்கு மாப்பிள்ளை முறை. நான்தான் வேலைக்குச் சேர்த்தேன். கல்யாணமான புதுசில் இருந்து ஒரே ஹேமர். அவன் கொறடு பிடிக்கிறது ஒரு அழகு. கொறட்டை வயித்துக்கு நேரே பிடிக்க மாட்டான், இடுப்புக்கு வெளியே தள்ளிப் பிடிப்பான். உதைச்சாலும் ஆளைக் குத்தாது. புதுசா வர்றவனுக்கெல்லாம் அவனைக் காட்டி, "அவனைப் பார்றா, கொறட்டோட பொறந்தவன்"னு சொல்லியிருக்கேன். அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. எதுக்குச் சொல்லணும்?

ஒரே குறை, பயந்த ஆள்.

அப்புறந்தான் மேனகான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. இரும்பு படிச்ச பொண்ணாம். முதலாளி கொண்டுவந்தார். அந்த வருஷம் நம்ம சாமான் சிலது விரிசல்னு திரும்பி வந்துச்சு. நான் அன்னைக்கே சொன்னேன், வர்ற கம்பி சரியில்லை, கம்பி விக்கிறவனைப் போய்க் கேளுங்கன்னு. கேட்டாங்களா? அந்தப் பொண்ணு ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து உலைக்கு நேரே நீட்டுச்சு. சூடு பார்க்கிற துப்பாக்கியாம்.

"அண்ணா, ரொம்ப அதிகமாக் காட்டுதுங்க. கொஞ்சம் முன்னாடியே எடுத்துடலாமே"ன்னுச்சு.

"ஏம்மா, அது தீயோட சூட்டைக் காட்டுதா, இரும்போட சூட்டைக் காட்டுதா?"ன்னேன்.

அதுக்குக் கோபம் வரலை. சிரிச்சுச்சு. "ரெண்டையும் பிரிச்சுப் பார்த்துத்தாங்க சொல்றேன். நீங்க ஒருக்காக் கண்ணைக் காட்டிட்டு வாங்களேன். கம்பெனியே கூட்டிட்டுப் போகும்."

என் கண்ணை! ஷாப்பில் அத்தனை பேர் முன்னாடி. "எங்கண்ணு சோறு போட்டுத்தாம்மா இந்தக் கம்பெனி நிக்குது"ன்னுட்டு வந்துட்டேன். சென்னியப்பன் பக்கத்தில்தான் நின்னான். கொறட்டைத் துடைச்சுக்கிட்டு நின்னான்.

அன்னைக்கு டீ குடிக்கும்போது ஒண்ணு சொன்னான். "மச்சான், அந்தப் புள்ள சொல்றதுக்காகவாச்சும் ஒருக்காப் போயிட்டு வந்துருங்களேன். நானும் வர்றேன். எனக்கும் பாத்துக்கிறேன்."

"உனக்கென்னடா கேடு?"

"ஒண்ணுமில்லீங் மச்சான். சும்மாதான்."

அதோட விட்டுட்டான். பயந்த ஆள்னு சொன்னேனே.

அந்த நாளைச் சொல்றேன், மூணு வருஷம் இருக்கும். மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னாடி. வெயில் தகரக் கூரைக்கு அடியில் கொதிக்குது. உலையில் இருந்த துண்டுக்கு இன்னும் நிறம் வரலை. எனக்கு அது கிச்சிலிப்பழத்திலேயே நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. விட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டேன். சென்னியப்பன் கொறட்டோட நிக்கிறான், என்னைப் பார்க்கிறான், உலையைப் பார்க்கிறான். அவசரப்படாதேன்னு கை காட்டினேன். ஆவாரம்பூ வந்துச்சு. நல்ல ஆவாரம்பூ. என் ரெண்டு கண்ணாலேயும் பார்த்தேன். விரலை மடக்கினேன்.

எடுத்தான். எடுக்கும்போது மத்தாப்பு மாதிரிப் பொறி தெறிச்சுச்சு. அந்தப் பொண்ணு பின்னாடி அதைத்தான் பிடிச்சுக்கிச்சு, எரிஞ்ச இரும்புதான் அப்படித் தெறிக்கும்னு. பொறி எப்பவும் தெறிக்கிறதுதான். செதில் உதிரும்.

சென்னியப்பன் டைக்கிட்டே போய் நின்னுட்டான். வைக்கலை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். தலையை இப்படி ஆட்டினான், வேண்டாம்ங்கிற மாதிரி. நான் உள்ளங்கையைக் கவிழ்த்தேன். மறுபடி பார்த்தான். மறுபடியும் கவிழ்த்தேன். வச்சான். மிதிச்சேன்.

பாயலை. உதிர்ந்துச்சு. அச்சு வெல்லத்தைச் சுத்தியால் தட்டின மாதிரி, ஓரமெல்லாம் சிதறிப் போச்சு. ஒரு சில்லு வந்து அவன் வலது மணிக்கட்டில் ஏறிடுச்சு. கத்தினானான்னு தெரியாது. எனக்குக் கேட்கலை. கொறட்டைக் கீழே போட்டான். அவன் கொறட்டைக் கீழே போட்டு நான் பார்த்தது அதான் முதல் தடவை.

நரம்பு போச்சு. விரல் மடங்காது. இடது கையால்தான் இப்போ எல்லாம். சோறுகூட.

வருத்தம் இல்லையான்னு கேட்கிறீங்களா? ஏன் இல்லாமல்? என் வீட்டு ஆள். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் வெளியே பெஞ்சில் நான்தான் கிடந்தேன். உள்ளே போகலை, அது வேற. உள்ளே தெய்வானை இருந்தா.

நான் சொல்ல வந்த சங்கதி அதுக்கப்புறம் நடந்துச்சு. விசாரணை வச்சாங்க. முதலாளி, அந்தப் பொண்ணு, நான். கட்டுப் போட்ட கையோட இவன். உடைஞ்ச துண்டை மேசை மேல் வச்சிருக்காங்க. உடைஞ்ச இடம் கல்கண்டு மாதிரிப் பளபளன்னு இருக்கு. எரிஞ்சால் அப்படித்தான் இருக்குமாம். முதலாளி என்னைக் கேட்டார், "ஆறுச்சாமி, எடுக்கும்போது என்ன நிறம்?" மஞ்சள்னேன். சென்னியப்பனைக் கேட்டார்.

தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தான். "வெள்ளைங்"ன்னான்.

ஒரே வார்த்தை. மஞ்சள்னு சொல்ல வேண்டாம், தெரியலீங்கன்னு சொல்லியிருக்கலாம். உலைப் பக்கம் பார்க்கலீங்கன்னு சொல்லியிருக்கலாம். வெள்ளைன்னான். அவன் அக்கா புருஷனை எதிரில் வச்சுக்கிட்டு.

நான் எழுந்து நின்னு ஒண்ணு கேட்டேன். "வெள்ளைன்னு தெரிஞ்சா எதுக்குடா டையில வெச்ச?" கையில் இருந்த கட்டைப் பார்த்தான். முதலாளி என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரலை. அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கேட்டைத் தாண்டலை. அவன் கூடப் பேச்சும் இல்லை.

நீங்களே சொல்லுங்க. வெள்ளையா இருந்திருந்தால், வெளுத்த இரும்பு உதிரும்னு தெரிஞ்சவன், இத்தனை வருஷம் கொறடு பிடிச்சவன், கொண்டு போய் வைப்பானா? வச்சான். அப்போ அது மஞ்சள். கணக்கு அவ்வளவுதான். இதை நான் யார்கிட்டே சொன்னாலும் தரையைப் பார்க்கிறாங்க. நீங்களும் தரையைப் பார்க்கிறீங்க.

இப்போ என் பொண்ணு பூங்கொடிக்குக் கல்யாணம் வருது. பத்திரிகை அடிச்சாச்சு. எங்க சனத்தில் முதல் தாம்பாளம் தாய்மாமன் வீட்டுக்குப் போகணும். பொண்ணைப் பெத்தவன் நேரில் போய், வெத்தலை பாக்கோட பத்திரிகையை வச்சு, வந்து நடத்திக் குடுன்னு கேட்கணும். அப்புறந்தான் மத்தவங்களுக்கு. பத்திரிகைக் கட்டு அப்படியே அலமாரியில் கிடக்கு. தெய்வானை ஒண்ணைக்கூட வெளியே எடுக்க விட மாட்டேங்கிறா.

"எந்தம்பி கை படாம எம்புள்ளைக்குக் கல்யாணமில்லீங்க"ங்கிறா.

"அவன் கைதான் மடங்காதே"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வாய் வந்துச்சு. அன்னைக்கு முழுக்க அவள் சாப்பிடலை.

நானும் இறங்கித்தான் போனேன். அவள்கிட்டேயே சொல்லி அனுப்பினேன். "அன்னைக்கு மஞ்சள்தான்னு என் முகத்தப் பாத்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. தட்டோட அவன் வாசல்ல நிக்கிறேன்." அதுக்கு அவன் சொல்லி அனுப்பினது: "மச்சான வரச் சொல்லக்கா. அந்தப் பேச்சு எதுக்கு இப்ப?" இது ஒரு பதிலா? ஆமாவா, இல்லையா?

அப்புறம் பஸ்சில் ஏறும்போது படி தெரியாமல் விழுந்தேன். பூங்கொடி அழுதாள். அதுக்காகத்தான் இந்த ஆஸ்பத்திரி. தெய்வானைகிட்டே சொல்லிட்டேன், ரெண்டு கண்ணும் ஆகட்டும், அப்புறம் சென்னியப்பன் வீட்டுக்குப் போறதைப் பத்திப் பேசலாம்னு. அவளும் சரின்னா.

வலது கண்ணு கட்டு அவிழ்த்தாங்க. அவிழ்த்த நர்சுப் பொண்ணு என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்குன்னு பார்த்தேன். வெள்ளை. ஆப்பரேசனுக்கு முன்னாடி அதே பொண்ணு, அதே சேலை, சந்தனம். நான் சொன்னேன், "ஏதோ தப்பா வெச்சுட்டீங்க, எல்லாம் வெளுத்துத் தெரியுது."

"தப்பில்லீங்க தாத்தா. புரை இருந்தா வெள்ளையெல்லாம் மஞ்சளாத்தான் தெரியும். மெதுவா மெதுவா ஆகறதால நமக்கே தெரியாது. இப்பத்தான் உங்களுக்கு உள்ளது உள்ளபடி தெரியுது."

"இது எத்தன நாளா இருந்திருக்கும்?"

"உங்களுக்கு நல்லா முத்திப் போயிருந்துச்சுங்க. அஞ்சாறு வருசம்கூட இருக்கும்."

அதுக்கென்ன வயசு, இருபத்திரண்டு இருக்குமா? அது உலையைப் பார்த்திருக்கா?

இன்னொரு ஆளையும் கேட்டுடலாம்னு டாக்டரையே கேட்டேன். "இடது கண்ணும் பண்ணிட்டா, அந்த மஞ்சள் திரும்ப வருமா?" "வராதுங்கய்யா, எதுக்கு வரணும்?"ன்னார். எதுக்கு வரணுமாம்.

நேத்து ராத்திரி சாப்பாடு போட்டுட்டுத் தெய்வானை எதிரில் உட்கார்ந்தா. அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை. "நாளைக்கு ரெண்டாவது கண்ணுக்கு நாள் குறிக்கிறாங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும்"ன்னா.

"சொல்லு."

"தம்பிய அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் கேட்டனுங்க. நீங்க பின்னால விசாரணையில கேட்டதையேதான் கேட்டேன். வெள்ளைன்னு தெரிஞ்சும் எதுக்குச் சாமி நீ வெச்சேன்னு. நீங்க சத்தம் போடுவீங்கன்னு இத்தன நாளாச் சொல்லல."

"என்ன சொன்னான்?"

"மச்சான் கை காட்டுனாரு, வெச்சேன்னான். அவரு மஞ்சள்னு பாத்துத்தான் காட்டறாரு, அவரு கண்ணு தப்பாகாது, எங்கண்ணுலதான் என்னமோ கோளாறுன்னு நெனச்சேன்க்கான்னான். அதுக்குத்தான் முன்னாலயே டாக்டருகிட்டப் போலாம்னு உங்களையும் கூப்பிட்டானாம். தனக்குப் பாத்துக்கலாம்னு."

அவ்வளவுதான் சொன்னா. தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா.

நல்ல வேடிக்கை பாருங்க. அவனுக்கே அவன் கண்ணில் சந்தேகம். அப்போ விசாரணையில் வந்து எதுக்கு வெள்ளைன்னு அடிச்சுச் சொன்னான்? கண்ணில் கோளாறுன்னு அங்கேயே சொல்லித் தொலைச்சிருந்தால் இத்தனை வம்பு உண்டா? நான் அதைத்தான் விடியும் வரைக்கும் யோசிச்சுக்கிட்டுக் கிடந்தேன்.

அதுவும் எப்பேர்ப்பட்ட பொய் அது! அவன் கண்ணில் கோளாறாம். அவன் கண்ணில் என்ன கோளாறு? எனக்குக் காய்ச்சல்னு நான் வராத நாளில் அவன்தான் நிறம் பார்ப்பான். ஒரு துண்டு வீணாகாது. மத்த நாளில் ஷாப்பின் அந்தக் கோடியில் நின்னுக்கிட்டு, ஆறுதுங் மச்சான், போகுதுங் மச்சான்னு கை காட்டுவான், நான் உலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் கையை நம்பி மிதிப்பேன். சென்னியப்பன் கண்ணு தப்பினதா சரித்திரமே கிடையாது. அவன் வெள்ளைன்னா அது...

என்ன பார்க்கிறீங்க?

ஒண்ணுமில்லை. கண்ணில் தண்ணி வருது. புதுக் கண்ணு அப்படித்தான் கொஞ்ச நாளைக்கு வருமாம். சொட்டு மருந்து கொடுத்திருக்காங்க.

ஆறுச்சாமின்னு கூப்பிடுறாங்க. நான்தான். நீங்க பேசாமல் இருங்க.

இடது கண்ணை நான் கொடுக்கிறதா இல்லை. அன்னைக்கு மஞ்சள்னு சொல்ல என் பக்கம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் கழுவி வெளுத்துட்டால், அப்புறம் நான் எந்த முகத்தோட அவன் வாசலில் தட்டை நீட்டுறது? நீங்களே சொல்லுங்க.

அந்த நர்சுப் பொண்ணு வந்து கேட்டால், எழுந்து போயிட்டார்னு சொல்லிடுங்க. எந்தப் பக்கம்னு கேட்டால் பார்க்கலைன்னு சொல்லுங்க.

தெய்வானை வந்தால் ஒண்ணும் சொல்லாதீங்க. மருந்தைக் கையில் வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருப்பா, சொன்னால்தான் உட்காருவா. உட்காரச் சொல்லுங்க.